அளவைகளின் கதை – 17: ஓம் அளக்க மைக்ரோமீட்டர்

ஆன்டெனாவுக்கு அனுப்பிய சைகையில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று அளந்து சொல்லும் நெட்வொர்க் அனலைசரைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்தக் கருவிக்குத் தன் வாயருகே நடப்பது மட்டுமே தெரியும். ஆன்டெனாவோ ஒரு மீட்டர் கேபிளுக்கு அப்பால் இருக்கிறது. 10 கிகாஹெர்ட்ஸில் அந்தக் கேபிளுக்குள் ஏறக்குறைய 50 அலைகள் அடங்கிவிடும். தராசில் பாத்திரத்தின் எடையைக் கழித்துவிட்டு எண்ணெயை நிறுப்பதுபோல, கேபிள், கனெக்டர், கருவியின் சொந்தக் குறைகள் எல்லாவற்றையும் கழித்த பிறகுதான் ஆன்டெனாவின் கணக்கு கையில் வரும். அதற்குத்தான் கேலிபரேஷன்.

ஒரு வாயில் அளக்கும்போது இந்தக் குறைகள் ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் மூன்று எண்களில் அடங்கும். மூன்று தெரியாத எண்களைக் கண்டுபிடிக்க, நடத்தை முன்பே தெரிந்த மூன்று பொருள்கள் வேண்டும்: ஷார்ட், ஓப்பன், லோடு. ஷார்ட் அலையைத் தலைகீழாக்கித் திருப்பும். ஓப்பன் அப்படியே திருப்பும். 50 ஓம் லோடு எதையும் திருப்பாது. ஆனால் கடைசலில் கடைந்தெடுத்த எந்த உலோகத் துண்டும் இவ்வளவு ஒழுங்காக நடப்பதில்லை.

ஓப்பனை எடுத்துக்கொள்வோம். நடுக்கம்பி முடியும் இடத்தில் மின்புலம் சட்டென்று நிற்காது, ஓரத்தில் வழியும். 3.5 மி.மீ. கனெக்டரின் ஓப்பனில் இந்த வழிதல் சுமார் 50 ஃபெம்டோஃபாரட் மின்தேக்கியாக வேலை செய்கிறது. மிகச் சிறியதுதான், 1 கிகாஹெர்ட்ஸில் அது திரும்பும் அலையின் கட்டத்தை 2 பாகைகூட நகர்த்தாது. 10 கிகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய 18 பாகை நகர்த்திவிடும். அதை ஒழிக்க யாரும் மெனக்கெடுவதில்லை. அதிர்வெண்ணோடு அது எப்படி மாறுகிறது என்பதைத் தயாரிப்பாளர் சில கெழுக்களாக எழுதித் தருகிறார். கருவி அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. ஆகவே கேலிபரேஷன் பெட்டி வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியது அந்த எண்களைத்தான்.

லோடு இன்னும் கண்டிப்பானது. 51 ஓம் லோடை 50 என்று கருவியிடம் சொல்லிவிட்டால், அனுப்பியதில் நூற்றில் ஒரு பங்குக்கு, அதாவது மைனஸ் 40 டெசிபலுக்குக் கீழே வரும் எதிரொளிப்பை நம்பவே முடியாது. அதிர்வெண் ஏற ஏற நல்ல லோடு செய்வதும் கடினமாகிறது.

1979-ல் அமெரிக்காவின் போல்டர் நகரில், தேசியத் தரநிலைகள் அலுவலகத்தில் பணியாற்றிய எங்கன், ஹோயர் இருவரும் இந்தச் சிக்கலை வேறு பக்கத்திலிருந்து அணுகினார்கள். அவர்கள் முறையில் லோடே கிடையாது. முதலில் இரண்டு வாய்களையும் நேராக இணைக்க வேண்டும். பிறகு இடையில் ஒரு துண்டு லைனை வைக்க வேண்டும். பிறகு இரு பக்கமும் ஒரே எதிரொளிப்பானை மாட்ட வேண்டும். அந்த எதிரொளிப்பான் எவ்வளவு திருப்புகிறது என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை. இரு பக்கமும் ஒன்றாக இருந்தால் போதும். மற்றதைக் கணக்கே கண்டுபிடித்துவிடும். இந்தத் துறையில் நான் படித்தவற்றுள் இவ்வளவு அழகான யோசனை வேறில்லை.

மிஞ்சுவது லைன் ஒன்றுதான். அதன் மின்மறுப்பை விட்டத்தின் விகிதம் முடிவு செய்கிறது: வெளிக்குழாயின் உள்விட்டம் 3.5 மி.மீ., நடுக்கம்பி 1.52 மி.மீ., இடையே வெறும் காற்று. 50 ஓம் வந்துவிடும். நடுக்கம்பியில் 1 மைக்ரான் தவறினால் மின்மறுப்பு சுமார் 0.04 ஓம் விலகும். அதனால்தான் ஓம் கணக்கைச் சரிபார்க்க மைக்ரோமீட்டரை எடுக்கிறார்கள். அளவையின் வேர் நீளத்தில் போய் நிற்கிறது.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. லைனின் நீளம் கால் அலைக்கு அருகே இருக்க வேண்டும். 1 கிகாஹெர்ட்ஸில் அது 7.5 செ.மீ.; 100 மெகாஹெர்ட்ஸில் 75 செ.மீ. அவ்வளவு நீளத்துக்கு நடுக்கம்பியைத் தொய்வில்லாமல் நிறுத்துவது பெரும்பாடு. அங்கே லோடுதான் கைகொடுக்கும். குறைந்த அதிர்வெண்ணில் அதுவும் நன்றாகவே நடந்துகொள்கிறது.

கையடக்க நானோவிஎன்ஏ வாங்கி, கூடவே வரும் மூன்று துண்டுகளை வைத்துப் பழகும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. லோடை மல்டிமீட்டரில் வைத்துப் பாருங்கள். 50 ஓம் காட்டாவிட்டால் ஒதுக்கிவிடலாம். காட்டினாலும் அது நேர்மின்னோட்டத்துக்கு மட்டுமே சாட்சி. மாட்டும்போது நட்டை மட்டும் திருகுங்கள், உடலைத் திருக வேண்டாம். உள்ளே பின் தேய்ந்துவிட்டால் அந்தத் துண்டைப் பற்றித் தெரிந்த எண் எதுவும் இனி பொருந்தாது.

(தொடரும்)