பிக்கப் மோட்டார் வண்டியின் மட்டம்

திருவண்ணாமலை ஜில்லாவில் மணிலாக்கொட்டையையும் நெல்லையும் விற்பனைக்கூடத்திற்குக் கொண்டு செல்லவும், ஜவ்வாது மலையிலிருந்து சாமையும் புளியும் இறக்கவும், நான்கு சக்கரங்களிலும் விசை செல்லும் பிக்கப் வண்டி பெரிதும் உபயோகமாகும். இவ்வண்டி வெறுமையாக நிற்கையில் பின்புறம் சற்று உயர்ந்து காணப்படும். இதைக் குறையென்று கருதி, முன்புறத்தையும் உயர்த்தி மட்டமாக்குவோர் உண்டு. அதற்குமுன் ஆலோசிக்க வேண்டியவை சில உள.

பின் அச்சைத் தாங்குவன அடுக்கடுக்கான எஃகுப் பட்டைகள். பாரம் ஏறியதும் அவை தாழும். ஆகையால் வெறும் வண்டியில் உயர்ந்து நிற்கும்படியே அவை அமைக்கப்படுகின்றன. 2016-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த இஸுஸு வி-கிராஸ் வண்டியிலும் முன்புறம் சுருள்வில், பின்புறம் பட்டைவில். வெறும் வண்டியை மட்டமாக்கினால், பாரம் ஏற்றியபின் அதன் முகப்பு மேல்நோக்கி நிற்கும்.

மாட்டு வண்டியில் பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி எழும்பிப் பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்குவதை யாவரும் அறிவர். மோட்டாருக்கும் நியாயம் ஒன்றே. அச்சுகளுக்கிடையே 300 சென்டிமீட்டர் உள்ள வண்டியில் 40 கிலோ மூட்டைகள் 10 ஏற்றுவதாகக் கொள்வோம். பாரத்தின் நடுவிடம் பின் அச்சுக்கு 30 சென்டிமீட்டர் பின்னே இருப்பின், முன்சக்கரங்களின் மீதுள்ள பாரம் 40 கிலோ குறையும். அவ்வளவே முன்னே இருப்பின் 40 கிலோ கூடும். மலையேற்றத்தில் முன்சக்கரம் இலேசானால் திருப்பம் தளரும்; அச்சக்கரங்களுக்குச் செல்லும் விசையும் பிடிப்பின்றி வீணாகும். இரவில் விளக்கொளி எதிரே வருவோரின் கண்ணைக் கூசச் செய்யும்.

முன்வில்லின்மேல் துண்டு வைத்து உயர்த்தினால், முன்சக்கரங்களுக்கு விசை கொண்டு செல்லும் தண்டுகள் மிகுதியாகச் சாய்ந்து, அவற்றின் மூட்டுகளும் ரப்பர் உறைகளும் விரைவில் தேயும். சக்கர நேர்மை கெடுவதால் டயர் ஒருபுறமாகத் தேயும்.

ஆகவே செய்யத்தக்கது இது. டயர்களில் உரிய அளவு காற்றடைத்து, வண்டியைச் சமமான களத்தில் நிறுத்துக. நான்கு சக்கரங்களிலும் நடுமையத்திலிருந்து மேலுள்ள மட்கார்டின் விளிம்பு வரை அளந்து எழுதுக. வழக்கமான பாரம் ஏற்றி மறுமுறை அளக்குக. இடப்புறத்திற்கும் வலப்புறத்திற்கும் பெரும் பேதம் காணினும், உரிய பாரத்திற்குள்ளேயே பின்புறம் மிகத் தாழினும், பட்டை தளர்ந்ததோ முறிந்ததோ என்று பார்த்து, கம்பெனி அளவுள்ள பட்டையையே மாற்றுக. பாரமான மூட்டைகளை ஓட்டுநர் அறையை ஒட்டி அடுக்குக.

1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுப் புத்தகத்திலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றினின்று மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என விதிக்கிறது. 2019-ஆம் வருஷத்துத் திருத்தத்தின்படி மிகைப்பாரத்திற்கு அபராதம் 20,000 ரூபாய். அதன்மேல் மிகையான டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாய். கிராம உத்தியோகஸ்தர்கள் இவற்றைக் குடியானவர்களுக்கு எடுத்துரைத்தல் நலம். வண்டியின் மட்டத்தைப் பாரத்தோடு பார்த்து நிதானிப்பதே முறை.