கண்ணப்பர் சிலை நம்மைக் கேட்கும் கேள்வி



மேலகரத்தில் இருக்கும் நமக்குத் தென்காசி காசி விசுவநாதர் கோயில் பக்கம்தான். வீரபத்திரர், ரதி, மன்மதன் என்று ஆளுயரத் தூண் சிலைகளைப் பார்த்திருப்பீங்க. "என்னமா செதுக்கியிருக்கான்!" என்று சொல்லிவிட்டு அடுத்த தூணுக்குப் போயிடுவோம். ஆனால் சிலைகள் அழகுக்காக மட்டும் வைத்தவை அல்ல. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் நல்லது கெட்டதைச் சொல்லிக் கொடுத்த பாடப் புத்தகம் அவை.

மனசாட்சியைத் தொடும் சிலை

திருவாரூர் கோயிலை ஒட்டி ஒரு கல் தேர் இருக்கிறது. தேர்க்காலில் அடிபட்ட கன்று, நீதி கேட்ட தாய்ப்பசு, மனுநீதிச் சோழன் கதையைச் சொல்லும் சிற்பம் அது. கன்றைக் கொன்றது தன் சொந்த மகன் என்று தெரிந்தும் ராஜா நியாயம் தவறவில்லை. அதிகாரிகள் ஊருக்கே வந்து மனு வாங்கும் நாளுக்கு 'மனு நீதி நாள்' என்று பெயர் வந்ததும் அவர் நினைவாகத்தான். 'வாயில்லாத ஜீவனின் வலியும் உனக்குத் தெரியுதா?' என்று அந்தச் சிலை நம்மைக் கேட்கிறது.

கொடுக்கச் சொல்லும் சிலை

பெரிய சிவன் கோயில்களின் பிரகாரத்தில் அறுபத்துமூவர் வரிசை இருக்கும். அதில் ஒருவர் கண்ணப்பர். மதுரை மீனாட்சியம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டபத்திலும் அவருக்குச் சிலை உண்டு. திண்ணன் என்ற வேடர் அவர். ஏடு படித்தவர் இல்லை, பணக்காரரும் இல்லை. காளத்தி மலையில் சாமியின் கண்ணில் ரத்தம் வடிவதைப் பார்த்தார். பச்சிலை வைத்தும் நிற்கவில்லை. அம்பால் தன் கண்ணைத் தோண்டி அப்பினார். அடுத்த கண்ணிலும் ரத்தம் வந்தது. இடம் தெரிய வேண்டுமே என்று காலை ஊன்றிக்கொண்டு, இன்னொரு கண்ணையும் எடுக்கத் துணிந்தார். அப்போது இறைவன் தடுத்தார் என்பது பெரியபுராணக் கதை.

ஒருவர் கண்ணை இன்னொருவருக்கு வைப்பது அன்றைக்குக் கதை. 1905-ல் ஐரோப்பாவில் எட்வர்ட் சிர்ம் என்ற மருத்துவர் முதன்முதலாகக் கருவிழி மாற்று அறுவை சிகிச்சையை வெற்றியாக முடித்தார். இன்றைக்கு நம் பக்கத்து ஆஸ்பத்திரிகளிலேயே நடக்கிறது. கண்ணப்பர் மாதிரி உயிரோடு இருக்கும்போது யாரும் கண்ணைக் கொடுக்க வேண்டாம். இறந்த பிறகு, மண்ணுக்கோ நெருப்புக்கோ போகிற கண்ணைத்தான் கேட்கிறார்கள்.

குழுவில் வழக்கமாகக் கேட்கும் சந்தேகங்கள்

"கண்ணை எடுத்தா அடுத்த பிறவியில பார்வையில்லாம பொறப்போமாமே?" நல்லா யோசிங்க. கண்ணைக் கொடுத்தவரைத்தானே கோயிலில் வைத்துக் கும்பிடுகிறோம்? கொடுத்தவருக்குக் கேடு வரும் என்று எந்தச் சிலை சொல்லுது?

"முகம் விகாரமாயிடுமா?" ஆகாது. பெரும்பாலும் கருவிழியை மட்டுமே எடுக்கிறார்கள். சுமார் 20 நிமிட வேலை. இமையை மூடிவிட்டால் வித்தியாசம் தெரியாது. சடங்குகளும் தடைபடாது.

"எங்க ஆத்தாவுக்கு வயசு எண்பது, கண்ணாடி போட்டவங்க, சர்க்கரை வேற." பரவாயில்லை. வயது தடை இல்லை. கண்புரை அறுவை செய்தவர்களும் கொடுக்கலாம். எய்ட்ஸ், ஹெபடைடிஸ் மஞ்சள் காமாலை, வெறிநாய்க்கடி, ரத்தத்தில் கிருமி பரவியது, ரத்தப் புற்றுநோய் போன்ற காரணங்களால் இறந்தவர்களின் கண்களை மட்டும் எடுப்பதில்லை.

"பார்வை இல்லாத எல்லோருக்கும் கிடைக்குமா?" கிடைக்காது. கருவிழி கெட்டுப்போனவர்களுக்குத்தான் பலன். கதிர் அறுக்கும்போது நெல் குத்தியது, முள் கீறியது, சின்ன வயதில் வைட்டமின் ஏ சத்துக் குறைவு, இப்படித்தான் பலருக்குக் கருவிழி வெள்ளையாகிவிடுகிறது. கண்ணில் ஏதாவது பட்டால் தாய்ப்பால், இலைச்சாறு விடாமல் உடனே கண் டாக்டரிடம் போங்க.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது

1. இறந்த 6 மணி நேரத்துக்குள் கண்ணை எடுக்க வேண்டும். உடனே கண் வங்கிக்கோ, அரசு மருத்துவமனைக்கோ சொல்லுங்கள். 104 மருத்துவ உதவி எண்ணிலும் கேட்கலாம்.
2. இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சு வையுங்கள்.
3. தலைக்குத் தலையணை வைத்துச் சற்று உயர்த்துங்கள்.
4. மின்விசிறியை நிறுத்துங்கள்.
5. கண் வங்கிக் குழுவினர் வீட்டுக்கே வருவார்கள். செலவு எதுவும் இல்லை.

ஒன்றை மறக்காதீங்க. உயிரோடு இருக்கும்போது உறுதிமொழிப் படிவம் எழுதிக் கொடுத்திருந்தாலும், கடைசியில் சம்மதம் சொல்ல வேண்டியது வீட்டில் உள்ளவர்கள்தான். படிவம் எழுதாதவர்களின் கண்ணையும் குடும்பம் சம்மதித்தால் கொடுக்கலாம். சாவு வீட்டில் அழுது நிற்கும் நேரத்தில் இந்தப் பேச்சை எடுக்கப் புது ஆளுக்குத் தைரியம் வராது. பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொல்லும் குழு உறுப்பினர் சொன்னால் காதில் ஏறும். அதற்கு முன்னாலேயே நம்ம வீட்டில் பேசி வைத்திருக்கணும்.

காசில்லாதவரும் செய்யும் தானம்

தென்காசிக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் இந்தக் கோயிலுக்குக் குறை வந்தால் அதைச் சரிசெய்து காப்பவர்களின் காலில் இப்போதே விழுந்து வணங்குகிறேன் என்று கல்வெட்டில் பொறித்து வைத்தார். சிதைந்து போன ராஜகோபுரம் திரும்பக் கட்டப்பட்டு 1990-ல் குடமுழுக்கு கண்டது. ராஜாவே கும்பிடுகிறார் என்றால், அடுத்தவர் குறையைத் தீர்ப்பவருக்கு எவ்வளவு மரியாதை பாருங்க!

தானம் என்றால் பணம் உள்ளவர்கள் செய்வது என்று நினைக்கிறோம். ஒரு சென்ட் நிலம் இல்லாத சகோதரியும் இரண்டு பேருக்குப் பார்வை கொடுத்துவிட்டுப் போகலாம். எந்த மதத்தவரும் கொடுக்கலாம், எந்தச் சாதியாரும் வாங்கிக்கொள்ளலாம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் வரவு முடிந்ததும் பத்து நிமிடம் இதைப் பேசுங்கள். கண் வங்கியின் தொலைபேசி எண்ணைக் கேட்டு வாங்கித் தீர்மானப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். அன்றிரவே வீட்டில், "எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா என் கண்ணைக் குடுத்திருங்க" என்று சொல்லி வையுங்கள்.