ஹர்கிலாவுக்கு வளைகாப்பு: எல்லைக்கல் இல்லாமல் ஒரு பறவையைக் காத்த பெண்கள்

பறவைகளையும் காட்டையும் பாதுகாக்கப் போகிறோம் என்று யாராவது சொன்னால், வடக்கில் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது எல்லைக்கல்தான். யுத்தம் முடிந்து ஊர் திரும்பியவர்களில் எத்தனையோ பேர், தாங்கள் விதைத்த வயலும் தாய் தகப்பன் இருந்த காணியும் ஒதுக்கிடமாக வர்த்தமானியில் வந்துவிட்டதைப் பிறகுதான் அறிந்தார்கள். 1938 இல் பறவைகள் சரணாலயமான சுண்டிக்குளம் 2015 இல் தேசிய பூங்காவானபோதும், அங்கே கடலையும் களப்பையும் நம்பி வாழ்பவர்களுக்கு அது நிம்மதி தரும் செய்தியாக இருக்கவில்லை. இந்த அனுபவத்தோடு பார்க்கும்போதுதான் வடகிழக்கு இந்தியாவின் அஸாம் மாநிலத்தில் நடந்த ஒரு விடயம் நமக்கு முக்கியமாகிறது. அங்கே ஒரு பறவை காப்பாற்றப்பட்டது காட்டுக்குள் அல்ல, சனங்களின் வீட்டு வளவுகளுக்குள்.

அந்தப் பறவையின் பெயர் ஹர்கிலா. எலும்பை விழுங்குவது என்று பொருள். நாரை இனங்களிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்று. ஐந்தடி உயரம் நிற்கும், சிறகை விரித்தால் எட்டடி வரும். (இதன் சிறிய உறவினம் ஒன்று இலங்கையின் உலர்வலயக் குளங்களிலும் உண்டு.) அழகான பறவை என்று சொல்ல முடியாது. மொட்டைத் தலை, கழுத்தில் தொங்கும் செம்மஞ்சள் பை, பிணம் தின்னும் பழக்கம். ஒரு காலத்தில் கல்கத்தா நகரின் குப்பையையும் செத்த விலங்குகளையும் தின்று தெருவைச் சுத்தமாக வைத்திருந்தது இதுதான். அந்த மாநகரசபையின் பழைய சின்னத்திலேயே இரண்டு ஹர்கிலாக்கள் இருந்தன. பின்னர் அங்கிருந்து மறைந்தே போயிற்று. உலகத்தில் எஞ்சியவற்றில் பெரும்பகுதி அஸாமில்தான். மற்றபடி பீகாரிலும் கம்போடியாவிலும் கொஞ்சம் உண்டு.

அஸாமில் இது கூடு கட்டுவது கதம்பம் போன்ற உயர்ந்த மரங்களில். அந்த மரங்கள் அரசாங்கத்துக்குச் சொந்தமானவை அல்ல. யாரோ ஒருவரின் வீட்டு முற்றத்தில், கொல்லையில் நிற்பவை. அழுகிய மீனையும் எலும்பையும் குஞ்சுகளுக்குக் கொண்டுவரும்போது பாதி கீழே விழும், எச்சமும் விழும், நாற்றம் தாங்காது. பறவையே அபசகுனம் என்ற எண்ணமும் இருந்தது. சொந்தக்காரர் மரத்தைத் தறித்துவிடுவார். அவரைக் குறை சொல்வதும் சுலபமல்ல. மாதக்கணக்கில் அந்த நாற்றத்துக்குள் சமைத்துச் சாப்பிடுபவர் அவர்தான்.

2007 இல் தாதரா என்ற கிராமத்தில் அப்படி ஒரு மரம் தறிக்கப்பட்டது. ஒன்பது கூடுகள் சரிந்தன. ஹர்கிலா பற்றிக் கலாநிதிப் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த பூர்ணிமா தேவி பர்மன் அங்கே போய் ஏன் வெட்டினீர்கள் என்று கேட்டபோது, ஊரார் சுற்றி நின்று கேலி செய்தார்கள். கைக்குழந்தைகளாக இரட்டைப் பெண்பிள்ளைகள் இருந்த தாய் அவர். குஞ்சுகள் நிலத்தில் கிடந்த காட்சி மனதைவிட்டுப் போகவில்லை. ஆய்வை ஒருபக்கம் வைத்துவிட்டு ஊருக்குள் இறங்கினார். பட்டம் 2019 இல்தான் கைக்கு வந்தது.

ஊர் அவரை நம்புவதற்கு அறிவியல் உதவவில்லை, அடுப்படிதான் உதவியது. பெண்களுக்குச் சமையல் போட்டி வைத்தார், வந்தவர்களிடம் பறவையைப் பற்றிப் பேசினார். கர்ப்பிணிப் பெண்ணுக்குச் செய்யும் சடங்கை, கூடு கட்டும் காலத்தில் ஹர்கிலாவுக்கும் செய்யத் தொடங்கினார்கள். பாட்டுப் பாடி, பலகாரம் வைத்து, நம் வளைகாப்புப் போலத்தான். தன் வீட்டு மரத்தில் இருப்பது பிணந்தின்னி என்று முகம் சுளித்த பெண்ணுக்கு, அது பேறுகாலத்துக்கு வந்த பிள்ளையாகத் தெரிந்தது. மரத்தின் சொந்தக்காரர்களை ஊருக்கு முன்னால் அழைத்து மரியாதை செய்தார்கள். பெண்களுக்குத் தறியும் நூலும் கிடைத்தன. ஹர்கிலா உருவத்தைச் சேலையிலும் துண்டிலும் நெய்து விற்றார்கள். கையில் வருமானம் வந்த பிறகு வீட்டில் அவர்களின் சொல்லுக்கும் பெறுமதி வந்தது. மரம் தறிப்பதா இல்லையா என்ற பேச்சில் அது சிறிய விடயமல்ல.

இன்று ‘ஹர்கிலா படை’ என்று அழைக்கப்படும் இந்தத் தொண்டர் அணியில் பத்தாயிரத்துக்கும் அதிகமான பெண்கள் இருக்கிறார்கள். படை என்ற சொல் நமக்குக் கொஞ்சம் உறுத்தும். அவர்கள் அணிந்திருப்பது பறவையின் முகம் போலச் செய்த தொப்பிதான். தாதரா, பச்சரியா, சிங்கிமாரி கிராமங்களில் 28 ஆக இருந்த கூடுகள் 250 ஐத் தாண்டின. 45,000 மரக்கன்றுகள் நடப்பட்டன. 2022 இல் ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டம் பூர்ணிமாவுக்கு அதன் உயரிய விருதை வழங்கியது. அதைவிடப் பெரிய செய்தி 2023 இல் வந்தது: உலக செம்பட்டியலில் அழியும் நிலையில் இருந்த ஹர்கிலா, அதைவிட ஆபத்துக் குறைந்த நிலைக்கு மாற்றப்பட்டது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. குவாஹாத்தி நகரின் ஓரத்தில் உள்ள தீபோர் பீல் என்ற பெரிய ஈரநிலம் நகரம் வளர வளரச் சுருங்குகிறது. மீன் பிடித்து உண்ண வேண்டிய பறவை குப்பைமேட்டில் பிளாஸ்ரிக்குக்கு நடுவே இரை தேடுகிறது. ஈரநிலத்தைக் காப்பதற்குச் சட்டமும் அரசும் வேண்டும். அதை ஊர்ப் பெண்களின் தலையில் கட்ட முடியாது. மரத்தை விற்றால் வரும் காசை விட்டுக்கொடுப்பவருக்கு மரியாதை மட்டும் எத்தனை காலம் போதும் என்ற கேள்வியும் இருக்கிறது.

ஆனாலும் ஒக்டோபர் அளவில் பறவைகள் திரும்பி வந்து அதே முற்றங்களில் கூடு கட்டுகின்றன. குஞ்சுகள் பெருக்கும் காலத்தில் மரங்களின் கீழே வலை கட்டுகிறார்கள். தவறி விழும் குஞ்சு வலையில் தங்கினால், வீட்டுக்காரரே ஆட்களுக்குச் சொல்லி அனுப்புகிறார். காயம் பட்டதைக் குவாஹாத்தி மிருகக்காட்சிச்சாலைக்குக் கொண்டுபோய், தேற்றி, பறக்கும் பருவத்தில் திறந்து விடுகிறார்கள்.