தம் முகம் மறைத்த நடிகர்: அலெக் கின்னஸ்

ஆங்கில நாட்டில் நடிகர் என்போர் நெடுங்காலம் மதிப்பிற் குறைந்தோராகவே கருதப்பட்டனர். 1572ஆம் ஆண்டில் ஏற்பட்ட சட்டமொன்று, பிரபுக்கள் எவரது ஆதரவையும் பெறாத கூத்தரைப் போக்கிரிகளோடும் ஊர்சுற்றிகளோடும் ஒருங்கே வைத்து எண்ணித் தண்டனைக்குரியோராக்கிற்று. விபுலாநந்த அடிகள் ‘செகசிற்பியார்’ எனப் பெயரிட்டு வழங்கிய ஷேக்ஸ்பியர் நாடகத் தொழிலிற் புகுந்தது இச்சட்டம் நிலவிய காலத்திலேயே ஆகும். 1642இல் பாராளுமன்றம் நாடக அரங்குகளை மூடிவிட்டது. 1660இல் முடியாட்சி மீண்ட பின்னரே அவை மறுபடியும் திறக்கப்பட்டன. பெண்கள் மேடையேறத் தொடங்கியதும் அதன் பின்னரேயாம். 1779இல் இறந்த டேவிட் காரிக் என்னும் பெருநடிகர் வெஸ்ற்மின்ஸ்ரர் தேவாலயத்தில் அடக்கஞ் செய்யப்பட்டார். எனினும், நடிகர் ஒருவருக்குச் ‘சேர்’ பட்டம் அளிப்பதற்கு அரசுக்கு மேலும் நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலம் சென்றது. 1895இல் அப்பட்டத்தை முதன்முதலாகப் பெற்றவர் ஹென்றி இர்விங்.

இர்விங் 1905இல் பிராட்ஃபோட் நகரில் நடித்து முடித்த அன்றிரவே உயிர்நீத்தார். அவருடைய நடிப்பு எத்தகையது என்பதைக் கண்டோர் எழுதிவைத்த குறிப்புக்களிலிருந்தே இன்று ஊகிக்க வேண்டியுள்ளது. அவர்க்குப் பின் வந்த தலைமுறைக்கோ திரைப்படம் வாய்த்தது. ஆயினும் றால்ஃப் றிச்சட்சன், ஜோன் கீல்குட், லோறன்ஸ் ஒலிவியர் ஆகிய மூவரும் மேடையிற் பயின்று மேடையையே தம் வீடாகக் கொண்டவர்கள். திரைப்படத்தைப் பொருளீட்டும் துறையாகவே அவர்கள் தொடக்கத்தில் மதித்தனர். 1939இல் வெளிவந்த ‘வதறிங் ஹைற்ஸ்’ படத்தில் நடித்தபோது நெறியாளர் வில்லியம் வைலரோடு ஓயாது பிணங்கிய ஒலிவியர், திரைப்படமும் ஒரு கலை என்பதை வைலரிடமே கற்றதாகப் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார்.

இப்பிணக்கின் காரணம் ஆராயத்தக்கது. மேடையில் நிற்பவன் கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் கேட்கும்படி பேசுதல் வேண்டும். துயரமும் வியப்பும் அவனது உடல் முழுவதிலும் தோன்றுதல் வேண்டும். படப்பிடிப்புக் கருவியோ நடிகனின் முகத்தருகே வந்து நிற்கிறது. ஓர் அங்குலம் அசையும் புருவம் திரையிற் பல அடி அசைகிறது. ஆகவே மேடையிற் பெருக்கிக் காட்டக் கற்றவன் திரையிற் சுருக்கிக் காட்டக் கற்க வேண்டும். மேலும், மேடையிற் செல்லுபடியாகும் ஒப்பனை திரையில் ஒப்பனையாகவே தெரிந்துவிடும். இந்த இரு துறைகளுக்கும் இடையே உள்ள இடுக்கிலேதான் அலெக் கின்னஸின் வாழ்வு முழுவதும் கழிந்தது. மேற்கூறிய மூவரினும் இளையவரான இவருடைய வரலாறு, நடிப்பு என்பது தன்னை மறைப்பதா அன்றித் தன்னைக் காட்டுவதா என்னும் வினாவை எழுப்புகிறது.

கின்னஸ் 1914 ஏப்பிரல் 2ஆம் நாள் இலண்டனிற் பிறந்தார். அவரது பிறப்புப் பத்திரத்தில் தந்தையின் பெயர் எழுத வேண்டிய இடம் வெறுமையாக விடப்பட்டிருந்தது. தாயார் சில காலம் மணந்திருந்த ஒருவரின் பெயரால் ‘அலெக் ஸ்ரிவன்’ என்றே வளர்ந்த சிறுவன், தன் உண்மைப் பெயர் கின்னஸ் என்பதை அறிந்தபோது அவனுக்கு வயது பதினான்கு. பிறர் பெயரிலும் பிறர் உருவிலும் வாழ்தல் அவருக்கு மேடைக்கு வருமுன்னரே பழக்கமாயிருந்தது எனல் மிகையன்று.

பாடசாலைக் கல்வி முடிந்தபின் விளம்பர நிறுவனமொன்றில் வாசகம் எழுதும் பணி கிடைத்தது. ஆனால் உள்ளம் நாடகத்தையே நாடிற்று. முன்பின் அறிமுகமில்லாத கீல்குட்டைத் தொலைபேசியில் அழைத்து, நடிப்புப் பயில யாரிடம் செல்லலாம் எனக் கேட்டார் அவ்விளைஞர். கீல்குட் அவரை மாற்றிற்றா ஹன்ற் என்னும் நடிகையிடம் அனுப்பினார். சில பாடங்களின் பின் அவ்வம்மையார், நடிகராகும் தகைமை உமக்கில்லை என்னும் கருத்துப்படக் கூறிவிட்டார். பதின்மூன்று ஆண்டுகளின் பின் இருவரும் ஒரே திரைப்படத்தில் நடித்தனர் என்பது சுவையான செய்தி.

1934இல் கீல்குட் ஹம்லெற்றாக நடித்த நாடகத்தில் ஒஸ்றிக் என்னும் சிறு வேடம் கின்னஸுக்குக் கிடைத்தது. அதன்பின் ஓல்ட் விக் அரங்கிற் பல வேடங்கள். 1938இல் ரைறோன் கத்றியின் நெறியாள்கையில், தற்கால உடையில், ஒரு வரியும் குறைக்காது மேடையேற்றப்பட்ட ‘ஹம்லெற்’ நாடகத்தில் தலைமை வேடம். அவ்வாண்டிலேயே மெறூலா சலமன் என்னும் நடிகையை மணந்தார். போர்க்காலத்திற் கடற்படையிற் சேர்ந்து, 1943இல் சிசிலித் தீவில் நேச நாட்டுப் படைகள் இறங்கியபோது படையிறக்கும் கலமொன்றுக்குத் தலைவராயிருந்தார்.

திரையுலகிற்கு அவரை அழைத்து வந்தவர் நெறியாளர் டேவிட் லீன். டிக்கின்ஸின் ‘கிறேற் எக்ஸ்பெக்ரேஷன்ஸ்’ நாவலைக் கின்னஸ் 1939இல் தாமே நாடகமாக்கி அதில் ஹேபட் பொக்கற் என்னும் பாத்திரமாகத் தோன்றினார். அதனைக் கண்ட லீன், 1946இல் அந்நாவலைப் படமாக்கியபோது அப்பாத்திரத்தை அவருக்கே அளித்தார். அடுத்து ‘ஒலிவர் ருவிஸ்ற்’ படத்திற் கிழவனான ஃபேகின் வேடத்தைக் கின்னஸ் வேண்டினார். அப்பொழுது அவருக்கு வயது முப்பத்துமூன்று. லீன் தயங்கவே, ஒப்பனையுடன் வந்து தம்மைப் பரீட்சிக்குமாறு கேட்டு, அவ்வண்ணமே வந்து நின்றார். தயக்கம் நீங்கிற்று.

அவ்வேடம் புகழோடு பழியையும் தந்தது. நாவலின் பழைய சித்திரங்களைப் பின்பற்றி அமைக்கப்பட்ட பெரிய மூக்கு, யூதரை இழிவுபடுத்துவதாகக் கண்டனம் எழுந்தது. 1949இல் பேர்லினில் படமாளிகையின் முன் யூதர்கள் கிளர்ந்தனர். அமெரிக்காவிற் படம் வெளிவர 1951 வரை செல்ல, அப்போதும் சில பகுதிகள் வெட்டப்பட்டே வெளிவந்தது. இனக்கொலையிலிருந்து தப்பியோர் வாழ்ந்த நகரில் அம்மூக்கு வெறும் ஒப்பனையாகத் தோன்ற முடியாது. கலைஞனின் நோக்கம் தூயதாயினும், பிறர் முகத்தை அணிபவன் அம்முகத்துக்குரியோரின் வரலாற்றையும் சுமக்க வேண்டியவனாகிறான்.

1949இல் வெளிவந்த ‘கைண்ட் ஹாட்ஸ் அன்ட் கொறனற்ஸ்’ என்னும் நகைச்சுவைப் படத்தில் ஒரே குடும்பத்தினர் எண்மராகவும் கின்னஸே தோன்றினார். அவ்வெண்மருள் ஒருவர் பெண். முதிய பாதிரியார், கடற்படைத் தளபதி, இளங் கனவான் என ஒவ்வொருவரும் வேறு வேறு மனிதராகவே நின்றனர். ஒரு மனிதனின் நடையைக் கண்டுகொண்டால் அவனது உள்ளமும் பிடிபடும் என்பது கின்னஸின் கொள்கை. நடையிலிருந்து குரலுக்கும், குரலிலிருந்து மனத்திற்கும் அவர் சென்றார்.

இவ்வெற்றிகளின் நடுவே ஒரு தோல்வியும் நேர்ந்தது. 1951இல் ‘ஹம்லெற்’ நாடகத்தைத் தாமே நெறிப்படுத்தித் தாமே நடித்தார். முதல் இரவில் ஒளியமைப்புப் பிழைத்தது. விமரிசகர்கள் கடுமையாக எழுதினர். ஒளியைக் குறை கூறுவதோடு அமைதல் பொருந்தாது. ஹம்லெற் வேடத்துக்கு மூக்கும் கூனும் உதவா. அங்கே நடிகன் தன் உள்ளத்தையே திறந்து வைத்தல் வேண்டும். கின்னஸ் அதற்கு இன்னும் ஆயத்தமாகவில்லை என்றே கொள்ளவேண்டும்.

இக்காலத்தில் அவருடைய வீட்டில் ஒரு துன்பம் நிகழ்ந்தது. மகன் மத்தியூ இளம்பிள்ளைவாத நோயினால் இடுப்பின் கீழ் அசைவற்றுக் கிடந்தான். ‘ஃபாதர் பிறவுண்’ என்னும் படத்திற் பாதிரியாராக நடிப்பதற்கு அண்மையில் பிரான்சு சென்றிருந்த கின்னஸ், ஒரு மாலை பாதிரி உடையுடனே ஊர்ப்பாதையில் நடந்து வந்தார். அவரை உண்மைப் பாதிரியார் என எண்ணிய முன்னறியாத சிறுவனொருவன் ஓடிவந்து அவர் கையைப் பற்றிக்கொண்டு, ஏதேதோ பேசியபடி சிறிது தூரம் உடன் நடந்து, வணங்கி விடைபெற்றான். உடை ஒன்றே இத்துணை நம்பிக்கையை விளைத்ததை எண்ணி அவர் வியந்தார். மகன் நலமுற வேண்டி அவர் கத்தோலிக்க தேவாலயமொன்றிற்குச் செல்வதுண்டு. மகன் எழுந்து நடந்தான். 1956இல் கின்னஸ் கத்தோலிக்க சமயத்திற் சேர்ந்தார்.

அவ்வாண்டின் பிற்பகுதியில், ‘குவாய் நதிப் பாலம்’ படமாக்கப்படுவதற்காக லீனும் குழுவினரும் இலங்கைக்கு வந்தனர். கித்துல்கலவிற் களனி கங்கைக்குக் குறுக்கே பெரியதொரு மரப்பாலம் அமைக்கப்பட்டது. யப்பானியரிடம் சிறைப்பட்ட ஆங்கிலப் படையின் தலைவர் கேணல் நிக்கல்சன் வேடத்தை முதலிற் பலமுறை மறுத்த கின்னஸ், தயாரிப்பாளர் சாம் ஸ்பீகலின் வற்புறுத்தலினால் ஏற்றிருந்தார். நிக்கல்சன் யார் என்பதில் நடிகருக்கும் நெறியாளருக்கும் உடன்பாடு இருக்கவில்லை. அவனிடம் சிறிது நகைச்சுவை வேண்டும், இன்றேல் பார்ப்போர்க்கு அவன்மீது பரிவு பிறவாது என்றார் கின்னஸ். நகைச்சுவையற்ற, பிடிவாதமான, கடமையிற் குருடனான மனிதனே வேண்டும் என்றார் லீன். மாலை வேளையிற் பாலத்தின்மேல் நின்று இருபத்தெட்டாண்டுப் படைவாழ்வை நிக்கல்சன் எண்ணிப் பார்க்கும் காட்சியை லீன் அவரது முதுகுப்புறத்திலிருந்து படம்பிடிக்கவே, கின்னஸ் கடுஞ்சினம் கொண்டார். முகத்தை மறைப்பதிற் பேர்பெற்ற நடிகர், தம் முகம் மறைக்கப்பட்டபோது சினந்தமை சிந்தித்தற்குரியது. முடிவில் அக்காட்சியில் அவருடைய குரலும் தோளுமே பேசின. லீன் கொண்டது தவறன்று என்பதைப் படத்தைக் கண்டோர் உணர்வர்.

எனினும் அப்படத்தின் உயிர் மற்றொரு காட்சியில் உள்ளது. அதிகாரிகள் கூலிவேலை செய்ய மாட்டார்கள் என மறுத்த நிக்கல்சன், வெயிலிற் காயும் தகரக் கூட்டினுள் பன்னாட்கள் அடைக்கப்படுகிறார். பின்பு வெளியே விடப்பட்டு, தம் வீரர் பார்த்து நிற்க, யப்பானியத் தளபதியின் குடிலை நோக்கி நடக்கிறார். கால்கள் தள்ளாடுகின்றன, உடல் நிமிர்ந்திருக்க முயல்கிறது. அந்நடை மத்தியூவின் நடையாகும். நோயிலிருந்து மீண்ட மகன் மறுபடி நடக்கப் பழகியபோது எவ்வாறு காலெடுத்து வைத்தான் என்பதைத் தந்தை மறக்கவில்லை. வழக்கம்போல் நடையிலிருந்தே பாத்திரத்தை அமைத்தார். ஆனால் இம்முறை அந்நடை அவருடைய வீட்டிலிருந்து வந்தது. ஒட்டு மூக்கும் பொய்த்தாடியும் இல்லாது, தம் சொந்த அச்சத்தையும் மீட்சியையும் அவர் அங்கே காட்டினார் எனலாம். தாம் செய்தவற்றுள் மிகச் சிறந்தது அதுவே எனப் பின்னாளில் அவரும் கருதினார்.

1957 மார்ச்சில், அந்நாட் பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவும் பார்வையாளராய் வந்திருக்க, பாலத்தைத் தகர்க்கும் முயற்சி நடைபெற்றது. படப்பிடிப்பாளர் ஒருவர் உரிய காலத்திற் பாதுகாப்பான இடத்தை அடையாமையால் அன்று வெடி வைக்கப்படவில்லை. அதன் பின்னரே பாலம் தகர்க்கப்பட்டது. படம் ஏழு ஒஸ்கார் பரிசுகளைப் பெற்றது. சிறந்த நடிகருக்கான பரிசு கின்னஸுடையதாயிற்று. 1959இல் ‘சேர்’ பட்டமும் வந்தது.

பிற நாட்டவர் வேடங்களை அவர் விட்டாரில்லை. 1962இல் ‘லோறன்ஸ் ஒஃப் அறேபியா’ படத்தில் அராபிய இளவரசர் ஃபைசலானார். அது ஓரளவு பொருந்திற்று. 1984இல் லீனின் ‘எ பசேஜ் ரு இந்தியா’ படத்திற் பேராசிரியர் கொட்போலே என்னும் பிராமணரானார், அது பொருந்தவில்லை. இந்திய நடிகர் பலர் இந்தியராகவே தோன்றிய அப்படத்தில் ஆங்கிலேயர் ஒருவரின் மாறுவேடம் தனித்துத் தெரிந்தது. தாம் நடித்த பகுதிகள் பல வெட்டப்பட்டதில் கின்னஸுக்கும் மனக்குறை இருந்தது.

1977இல் ‘ஸ்ரார் வோர்ஸ்’ என்னும் விண்வெளிக் கதையில் முதிய வீரராக நடித்தமை அவருக்குப் பெரும் பொருளைத் தந்தது. ஊதியத்தோடு வருவாயிற் சிறு பங்கும் பெற உடன்பட்டிருந்தார். அப்படத்தின் உரையாடலை அவர் மதித்தாரில்லை. அதனை நூறு தடவைக்கு மேல் பார்த்ததாகக் கூறிய சிறுவனிடம், இனி ஒருபோதும் பார்ப்பதில்லை என வாக்குத் தருமாறு கேட்டதாக அவரே எழுதியுள்ளார்.

அவருடைய முதுமைக்கால நடிப்பின் சிகரம் தொலைக்காட்சியிலேயே எய்தப்பட்டது. ஜோன் லெ காறேயின் நாவலைத் தழுவி 1979இல் ஒளிபரப்பாகிய ‘ரிங்கர் ரெய்லர் சோல்ஜர் ஸ்பை’ தொடரில் ஜோர்ஜ் ஸ்மைலி என்னும் உளவுத்துறை அதிகாரியாகத் தோன்றினார். இதற்காக உளவுத்துறையின் முன்னாள் தலைவர் மொறிஸ் ஓல்ட்ஃபீல்ட்டை ஒரு நண்பகல் விருந்திற் சந்தித்து அவருடைய போக்குகளைக் கூர்ந்து நோக்கினார். ஆயினும் திரையிற் கண்டது ஒப்பனையன்று. தடித்த மூக்குக்கண்ணாடி, மேலங்கி, பிறர் பேச்சை இடைமறியாது கேட்டிருக்கும் முகம், இவ்வளவே. நாற்பத்தைந்து ஆண்டு மேடையிலும் திரையிலும் பழகிய கலைஞர், ஒன்றும் செய்யாதிருத்தலை அங்கே செய்து காட்டினார். வாய்திறவாத அவ்விடைவெளிகளிற் பார்ப்போர் தம் மூச்சையும் அடக்கிக் கொள்வர்.

1955 முதல் ஹாம்ப்ஷயரில் உள்ள பீற்றஸ்ஃபீல்ட் நகரின் அருகே அவர் மனைவியோடு வாழ்ந்தார். மேடைக்கு வழிகாட்டிய கீல்குட் 2000 மே மாதத்திற் காலமானார். அதே ஆண்டு ஓகஸ்ட் 5ஆம் நாள் கின்னஸ் மறைந்தார். அறுபத்திரண்டு ஆண்டுகள் அவரோடு வாழ்ந்த மெறூலா அவ்வாண்டு ஒக்டோபரிற் பின்தொடர்ந்தார்.