பழைய ஓட்டுக் கூரை: திருத்துவதா, மாற்றுவதா?

இடம்பெயர்ந்து பல ஆண்டுகளின் பின் சொந்தக் காணிக்குத் திரும்பும் நாம் முதலில் அண்ணாந்து பார்ப்பது கூரையைத்தான். 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறிய பல குடும்பங்கள் இருபது ஆண்டுகளுக்கு மேல் தமது வீடுகளைக் காணவில்லை. ஆளில்லாத வீட்டில் ஓர் ஓடு விலகினாலும் அதைச் சரிசெய்ய எவருமில்லை. ஒவ்வொரு மாரியிலும் அவ்வழியே மழை இறங்கும்; மரம் ஊறும்; கறையான் ஏறும். கூரையோடு வீடு எஞ்சியிருக்கும் ஒரு சிலர், அதைத் திருத்துவதா, கழற்றிவிட்டுப் புதிதாகப் போடுவதா என்று தடுமாறுகின்றனர்.

ஓட்டைப் பார்த்து இதை முடிவு செய்யலாகாது. மரத்தைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். நன்கு சுட்ட ஓடு பல தசாப்தங்கள் நின்றுபிடிக்கும். பாசி பிடித்துக் கறுத்திருப்பது பழுதல்ல. தட்டினால் கணீரென்று ஒலிப்பது நல்ல ஓடு; மந்தமாக ஒலிப்பது வெடித்த ஓடு.

மரத்தைச் சோதிக்க முற்றத்தில் தள்ளி நின்று முகட்டைப் பாருங்கள். அது நேராக இருக்கிறதா, நடுவில் தாழ்ந்திருக்கிறதா? பின்பு, கைமரங்கள் சுவரில் அமரும் இடங்களைக் கத்திமுனையால் குத்திப் பாருங்கள். ஈரமும் கறையானும் முதலில் சேருவது அங்கேதான்.

முகட்டு வளையும் கைமரங்களும் உறுதியாக இருந்தால் திருத்துவதே இலாபம். உக்கிய சலாகைகளையும் உடைந்த ஓடுகளையும் மட்டும் மாற்றினால் போதும். வெவ்வேறு தொழிற்சாலைகளின் தட்டை ஓடுகள் ஒன்றோடொன்று பொருந்துவது அரிது. ஆகவே பழைய ஓடுகளை ஒரு பக்கச் சாய்வுக்கும் புதியவற்றை மறுபக்கத்துக்கும் போடுங்கள்.

முகடு தாழ்ந்து, கைமரங்கள் பல அரிக்கப்பட்டிருந்தால் திருத்த வேண்டாம். ஒரு சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 15 ஓடுகள், 40 கிலோ பாரம். நனைந்தால் இன்னும் கூடும். அந்தக் கூரையின் கீழ் பிள்ளைகள் உறங்கக் கூடாது. கூரையைக் கழற்றினாலும் நல்ல ஓடுகளையும் வைரம் பாய்ந்த பனைமரங்களையும் அற்ப விலைக்கு விற்றுவிடாதீர்கள். இன்று பனை தறிக்க அனுமதி பெற வேண்டும். அதே தரமான மரம் இலகுவில் கிடைக்காது.

தகரம் மலிவு, பாரமும் குறைவு. ஆனால் வெயிலில் வீடு கொதிக்கும். இறுக்கிப் பூட்டாத தகடு காற்றோடு போய்விடும். 1978 நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி கூரைகளைப் பிடுங்கி எறிந்ததை மூத்தோர் அறிவர். பழைய அஸ்பெஸ்டஸ் தகடுகளை வெட்டவோ உடைக்கவோ வேண்டாம். அதன் தூசி புற்றுநோயைத் தரும்.

பெரும்போக விதைப்பும் மாரியும் ஒருங்கே வருகின்றன. விதைநெல்லுக்கு வைத்த பணத்தைக் கூரையில் போட்டால் அடுத்த ஆண்டும் கடன்தான். எனவே ஐப்பசிக்கு முன் ஓர் அறையையேனும் ஒழுகாமல் முடிப்போம். மற்றப் பகுதியைக் கழற்றி, இம்மாரிக்குக் கிடுகால் வேய்வோம். அறுவடை முடிந்ததும் மீதியைத் தொடரலாம். அயலவர் கைகொடுத்தால் ஓடு இறக்குவதும் ஏற்றுவதும் ஒருநாள் வேலையே.