இருமுனையக் கோளாறும் உளச்சிகிச்சையின் முதற் சந்திப்பும்

மனித உள்ளம் என்றும் ஒரே நிலையில் நிற்பதன்று. நற்செய்தி கேட்டு மகிழ்தலும் இழப்பு நேர்ந்துழி வருந்துதலும் எவர்க்கும் இயல்பே. ஆயின், மகிழ்ச்சி தக்க காரணமின்றித் தானே பெருகி உறக்கத்தையும் நிதானத்தையும் கெடுக்குமாயின், பின்னர் அதே உள்ளம் வாரக்கணக்கில் எழமாட்டாத சோர்வில் ஆழுமாயின், அது குணக்குறை அன்று, நோயாகும். இதனையே இக்கால மருத்துவர் இருமுனையக் கோளாறு என்பர். எழுச்சி ஒரு முனை. சோர்வு மறு முனை.

ஜேர்மானிய உளமருத்துவராகிய எமில் கிராப்பெலின் 1899 ஆம் ஆண்டில் எழுச்சியையும் சோர்வையும் ஒரே நோயின் இரு தோற்றங்களாக வகுத்துக் காட்டினார். 1949 இல் அவுஸ்திரேலியராகிய ஜோன் கேட் என்பார், இலிதிய உப்பு மிகையெழுச்சியைத் தணிக்கும் எனக் கண்டு வெளியிட்டார். உலகில் ஏறத்தாழ 4 கோடி மக்கள் இந்நோயுடன் வாழ்ந்தனர் என உலக சுகாதார நிறுவனம் 2019 ஆம் ஆண்டிற்குக் கணித்தது. பின்னிளமைப் பருவத்திலும் இருபதுகளிலுமே இது பெரும்பாலும் தலைகாட்டுதலின், கல்லூரிகளுக்கு இது தொலைவான செய்தியன்று.

இந்நோய்க்கு மருந்தே அடிப்படை. எனினும் மருந்தோடு உளச்சிகிச்சையும் சேருமிடத்து நோய் மீண்டும் தாக்குவது குறைகின்றது. உறக்கம், உணவு, வேலை ஆகியவற்றை நாடோறும் ஒரே நேரத்தில் ஒழுங்குபடுத்தல், நோய் வருமுன் தோன்றும் குறிகளை அறிதல், குடும்பத்தாரோடு பேசும் முறையைத் திருத்தல் என்பன அச்சிகிச்சையின் கூறுகள். மருந்தெழுதுபவர் உளமருத்துவர்; உரையாடல் வாயிலாகச் சிகிச்சை செய்பவர் பெரும்பாலும் உளவியலாளர். இருவரையும் ஒருவராகக் கருதி மயங்குதல் கூடாது.

முதற் சந்திப்பிற்கு ஆயத்தஞ் செய்தல் ஏன் வேண்டும் என்பது ஆராயத்தக்கது. இந்நோயாளர் பெரும்பாலும் சோர்வு மேலிட்ட காலத்திலேயே உதவி நாடுவர். எழுச்சிக் காலத்தை அவர் நோயாகக் கருதுவதில்லை. இரவிரவாக விழித்திருந்து வேலை செய்தும் களைப்பறியாத அக்காலமே தம் வாழ்வின் நற்காலம் என எண்ணுவர். ஆகவே அதனைச் சொல்லாது விடுவர். கேட்பவரும் இது வெறும் மனச்சோர்வே எனத் துணிவர். சோர்வு நீக்கும் மருந்தை மட்டும் கொடுப்பின், சிலரிடத்து அது மிகையெழுச்சியைக் கிளப்பிவிடவுங் கூடும். சரியான நிர்ணயம் பல ஆண்டுகள் தாமதமாவதற்கு இம்மறைவு ஒரு முக்கிய காரணம். எனவே, மறந்ததையும் மறைத்ததையும் முன்கூட்டியே எழுதிக்கொள்வதுதான் ஆயத்தத்தின் உயிர்நிலை.

முதலாவதாக, ஒரு தாளில் வாழ்க்கைக் கோட்டினை வரைதல் நன்று. எந்த வயதில் முதன்முதல் சோர்வோ எழுச்சியோ தோன்றியது, எத்தனை நாள் நீடித்தது, அப்போது பரீட்சை, பிரசவம், மரணம், இடப்பெயர்வு போன்றவை நிகழ்ந்தனவா என்பவற்றைக் குறித்தல் வேண்டும். நாட்கணக்கு இன்றியமையாதது. மிகையெழுச்சி என்பதற்கு ஒரு வாரமும், அதனினும் மெல்லிய எழுச்சிக்கு 4 நாட்களும், சோர்வுக்கு இரண்டு வாரங்களும் குறைந்த அளவாக மருத்துவ வகைப்பாட்டிற் கொள்ளப்படும். வரம்பு மீறிச் செலவிட்டது, கடன்பட்டது, ஓயாது பேசியது, சிறு சொல்லுக்கும் சீறியது ஆகியவற்றை உடனிருந்தோர் நன்கு நினைவில் வைத்திருப்பராதலின் அவரையும் கேட்டெழுதுக.

இரண்டாவதாக, சந்திப்பிற்கு முந்திய இரண்டு வாரங்களேனும் ஒரு நாட்குறிப்பு வைத்தல் பயன்தரும். உறங்கிய மணிகள், மனநிலை, அருந்திய மருந்து, மது என்பன அதில் இடம்பெறல் வேண்டும். மனநிலையை 0 முதல் 10 வரை எண்ணாற் குறித்து, 5 ஐச் சமநிலையாகக் கொள்ளலாம். உறக்கம் குறைந்தும் களைப்பின்மை எழுச்சியின் முன்னறிகுறி ஆகலாம். இதனை எண்கள் தெளிவாகக் காட்டும்.

மூன்றாவதாக, அருந்தும் மருந்துகள் அனைத்தையும், சித்த, ஆயுர்வேத மருந்துகள் உட்பட, எழுதிக் கொண்டுசெல்லல் வேண்டும். இலிதியம் உண்போர்க்குச் சில நோவு மாத்திரைகள் இரத்தத்தில் அதன் அளவை உயர்த்தித் தீங்கு செய்யும். வல்புரோயேற்று என்னும் மருந்து கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்குமாதலின், கருவுற்ற பெண்களும் கருவுற எண்ணுவோரும் அதனை வெளிப்படக் கூறுதல் வேண்டும். தமது உண்மை நிலையைக் காட்டுதற்பொருட்டு மருந்தை இடையில் நிறுத்திவிட்டுச் செல்லுதல் பெருந்தவறு.

நான்காவதாக, குடும்ப வரலாறு. இந்நோய் குடும்பங்களிற் தொடர்ந்து வரும் இயல்புடையது. நெருங்கிய உறவினர் எவரேனும் மனநோயுற்றிருந்தால், அல்லது தம்முயிரை மாய்த்துக்கொண்டிருந்தால், அதனைச் சொல்லுதல் குலத்திற்கு இழுக்கன்று. பின்வருவோரைக் காக்கும் செயலாகும். சம்பந்தம் பேசுமிடத்து மறைக்கப்படும் செய்திகள் சிகிச்சையறையிலும் மறைக்கப்படுமாயின் இழப்பு நோயாளருக்கே.

யாவற்றினும் முக்கியமானது, சாக வேண்டும் என்னும் எண்ணம் எழுந்ததுண்டா என்பதை ஒளியாது கூறுதல். அவ்வெண்ணம் இப்போதே வலுத்திருப்பின் தவணை நாள்வரை காத்திருத்தல் ஆகாது. அண்மையிலுள்ள வைத்தியசாலையின் அவசர பிரிவுக்குச் செல்லல் வேண்டும். இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தையும் நாடலாம்.

திருக்குறளின் மருந்து அதிகாரம், நோயுற்றவர், மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு பக்கத்திருந்து உதவுபவரையும் மருத்துவத்தின் உறுப்பாகக் கொள்கின்றது. ஆதலின் நம்பிக்கைக்குரிய ஒருவரை உடனழைத்துச் செல்லலாம். எனினும் சந்திப்பின் ஒரு பகுதியேனும் நோயாளர் தனியே பேசுதற்கு அமைதல் வேண்டும். எத்தகைய சிகிச்சை, எத்தனை சந்திப்புகள், சொல்வன எந்த அளவிற்கு இரகசியமாகக் காக்கப்படும், எச்சூழ்நிலையில் பிறருக்கு அறிவிக்கப்படும் என்னும் வினாக்களையும் எழுதிக்கொண்டு சென்று கேட்டல் நோயாளரின் உரிமை.

முதல் நாளிலேயே முழு நலம் கிட்டிவிடாது. அன்று பெரும்பாலும் கேள்விகளே நிகழும். சிலவற்றிற்கு விடை கூறுதல் வருத்தமும் தரும். சிகிச்சையாளரோடு மனம் ஒன்றாவிடின் வேறொருவரை நாடலாம். சிகிச்சையையே கைவிடுதல் தகாது. முன்னர் திறமையாகக் கற்ற மாணவன் திடீரெனச் சோர்ந்து ஒதுங்கும்போது சோம்பேறி என்றும், உறக்கமின்றித் துள்ளும்போது செருக்கன் என்றும் பெயரிடுதல் எளிது. அவ்வாறு பெயரிடாது, அவன் கண்ட மாற்றங்களைத் தாளில் எழுதத் துணைநின்று, தவணை நாளன்று வைத்தியசாலை வாயில்வரை உடன்செல்லும் ஆசிரியரும் பெற்றோரும் நண்பரும் அவன் சிகிச்சையிற் பாதியைத் தொடங்கி வைத்தவராவர்.