குறை சொல்லாத கண்

பல் வலித்தால் இரவெல்லாம் தூக்கமில்லை. வயிற்றில் உபாதை என்றால் அன்றைக்கே வைத்தியரைத் தேடி ஆள் போகிறது. காலில் முள் தைத்துவிட்டால் அதை எடுத்த பிறகுதான் மறு வேலை. தேகத்தின் மற்ற உறுப்புகள் இப்படித் தங்கள் குறையைத் தாங்களே முறையிட்டுக்கொள்கின்றன. கண் மட்டும் விசித்திரமான பிறவி. தூசு விழுந்தால் கூச்சலிடுமே தவிர, பார்வையைக் கொள்ளையடித்துப் போகும் பெரிய வியாதிகள் சிலவற்றை அது வாய் திறவாமல் சகித்துக்கொண்டிருக்கிறது. நமக்கு விஷயம் தெரியவரும்பொழுது போனது போனதுதான். "கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா?" என்று நம் பெரியோர் கேட்டது சும்மா அல்ல. குறை ஒன்றும் தோன்றாத காலத்திலேயே கண்ணைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் இங்கே நாம் வற்புறுத்த விரும்பும் விஷயம்.

அரியலூரிலிருந்து தஞ்சாவூர் போகும் சாலையில், கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கிறது திருமானூர். சுற்றிலும் நெல்லும் கரும்பும் விளையும் பூமி. பள்ளிக்கூடம் போகும் குழந்தை, களத்தில் நிற்கும் குடியானவர், திண்ணையில் அமர்ந்திருக்கும் பாட்டி ஆகிய மூவருக்கும் கண்ணைப் பொறுத்த மட்டில் மூன்று விதமான அபாயங்கள் உண்டு. இவ்வூரை மனத்தில் வைத்துக்கொண்டே அவற்றை ஒவ்வொன்றாகக் கவனிப்போம்.

வகுப்பின் கடைசி வரிசை

உபாத்தியாயர்களாகிய நாம் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. கடைசி வரிசைப் பையன் கரும்பலகையைப் பார்த்து எழுதுவதில்லை. பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்து எழுதுகிறான். கேட்டால் விழிக்கிறான். "மந்த புத்தி" என்ற பட்டம் சுலபமாகக் கிடைத்துவிடுகிறது. மந்தமாயிருப்பது புத்தியா, பார்வையா என்று யாரும் விசாரிப்பதில்லை. குழந்தையும் சொல்லாது. ஆரம்பம் முதல் உலகத்தை மங்கலாகவே கண்ட குழந்தை, எல்லோருக்கும் அப்படித்தான் தெரிகிறது என்று எண்ணிக்கொண்டிருக்கிறது.

புத்தகத்தை மூக்குக்கு அருகே கொண்டுபோவது, கண்ணை இடுக்கிப் பார்ப்பது, தலையை ஒரு பக்கம் சாய்ப்பது, மாலையில் தலைவலி என்பது ஆகிய அடையாளங்களைத் தாய்மார்கள் அசட்டை செய்யலாகாது. ஒரு கண்ணில் மாத்திரம் குறை இருந்தால் மூளை அந்தக் கண்ணை ஒதுக்கிவிட்டு மற்றதை மட்டுமே உபயோகிக்கப் பழகிவிடும். ஏழெட்டு வயதுக்குள் கவனித்தால் திருத்துவது சுலபம். வயது ஏற ஏற அது கடினமாகிவிடும். ஆகையால் பள்ளியில் சேர்ப்பதற்கு முன் ஒரு முறையும், பிறகு வருஷந்தோறும் ஒரு முறையும் கண் பரிசோதனை அவசியம். பள்ளிக் குழந்தைகளின் கண்ணைச் சோதித்து இலவசமாகக் கண்ணாடி தரும் 'கண்ணொளி காப்போம்' திட்டம் தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டில் தொடங்கிற்று. ஆனால் கொடுத்த கண்ணாடி பெட்டிக்குள் உறங்கினால் திட்டம் என்ன செய்யும்? "பெண் குழந்தை கண்ணாடி போட்டுக்கொண்டால் கல்யாணத்துக்கு இடைஞ்சல்" என்று சொல்லும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. படிப்பைக் கெடுத்து அழகைக் காப்பாற்றும் இந்த நியாயம் நமக்கு விளங்கவில்லை.

குழந்தைகளைச் சிறிது நேரம் வெயில் வெளிச்சத்தில் விளையாட விடுவதும் கண்ணுக்கு நன்மை. சீனாவின் குவாங்சௌ நகரத்துப் பள்ளிகளில் முதல் வகுப்புக் குழந்தைகளைத் தினமும் 40 நிமிஷம் கூடுதலாக வெளியே இருக்கச் செய்து மூன்று வருஷம் கவனித்தார்கள். 2015-இல் வெளியான முடிவின்படி, வழக்கம்போல் இருந்த குழந்தைகளில் நூற்றுக்குச் சுமார் 40 பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது. வெளியே விளையாடியவர்களில் அது சுமார் 30-ஆகக் குறைந்தது. கைத்தொலைபேசியைக் கொடுத்துக் குழந்தையை மூலையில் உட்கார வைக்கும் பெற்றோர் இதைச் சற்று யோசிக்க வேண்டும்.

கீரையின் மகிமை

மாலைக்கண் என்பது நம் முன்னோர் நன்கு அறிந்த வியாதி. 'ஏ' வைட்டமின் குறைவே அதற்குக் காரணம். அந்தக் குறைவு கண்ணோடு நிற்பதில்லை என்பதற்கு அத்தாட்சி நம் பக்கத்திலேயே கிடைத்தது. அன்றைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் (திருமானூரும் அப்பொழுது அந்த மாவட்டத்தைச் சேர்ந்ததே) பள்ளி வயதுக்கு முற்பட்ட 15,419 குழந்தைகளைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி நடந்தது. ஒரு சாராருக்கு வாரந்தோறும் சிறிதளவு 'ஏ' வைட்டமின் கொடுக்கப்பட்டது. 1990-இல் வெளியான முடிவு உலகத்து வைத்தியர்களைத் திரும்பிப் பார்க்கச் செய்தது. வைட்டமின் பெற்ற குழந்தைகளிடையே மரணம் மற்றவர்களிடையே நேர்ந்ததில் பாதிக்கும் குறைவு!

இன்று ஒன்பது மாதம் முதல் ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை இந்த மருந்தை அரசாங்கமே புகட்டுகிறது. அதைத் தவற விடலாகாது. அதோடு முருங்கைக்கீரை, பப்பாளி, மாம்பழம், பால், முட்டை எல்லாம் இருக்கவே இருக்கின்றன. கொல்லையில் முருங்கை மரம் இருக்க, கண்ணுக்கு 'டானிக்' தேடிக் கடைக்குப் போவானேன்?

களத்துமேட்டு அபாயம்

அறுவடைக் காலத்தில் நெல்லின் சுணை பறக்கிறது. கரும்புத் தோகை கத்திபோல் வீசுகிறது. கருவிழியில் சிறு கீறல் பட்டால் போதும். அதன் வழியே கிருமியோ காளானோ புகுந்து புண்ணாகிறது. புண் ஆறினாலும் வெள்ளைத் தழும்பு நின்றுவிடும். "கண்ணில் பூ விழுந்துவிட்டது" என்று ஊரில் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். மதுரையில் கருவிழிப் புண்ணுடன் வந்த 434 பேரைப் பற்றிய ஆய்வு 1997-இல் வெளியாயிற்று. அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் முன்னதாகக் கண்ணில் அடிபட்டவர்கள்.

இந்த நேரத்தில் நம் ஜனங்கள் செய்வது என்ன? நாக்கு நுனியால் தூசு எடுக்கிறார்கள், தாய்ப்பால் பீச்சுகிறார்கள், பச்சிலைச் சாறும் விளக்கெண்ணெயும் விடுகிறார்கள். அன்பினால் செய்யும் காரியந்தான். ஆனால் கீறல் பட்ட கண்ணுக்கு இவையெல்லாம் கிருமிகளை அழைத்து வரும் வாகனங்கள். மருந்துக்கடையில் கேட்டு வாங்கி விடும் சொட்டு மருந்தும் அபாயமே. அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் காளான் புண் கொழுந்துவிட்டு வளரும்.

செய்ய வேண்டியது மிகவும் எளிது. கண்ணைக் கசக்காமல் சுத்தமான தண்ணீரால் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நேபாளத்தில் பக்தபூர் என்னும் பிரதேசத்தில் கிராமச் சுகாதார ஊழியர்கள் கீறல் பட்ட கண்களுக்கு உடனுக்குடன் கிருமிநாசினிக் களிம்பு இட்டார்கள். காயம் பட்ட 18 மணி நேரத்துக்குள் களிம்பு இடப்பட்ட ஒருவருக்குக்கூடப் புண் உண்டாகவில்லை என்று 2001-இல் அறிவித்தார்கள். ஒரு நாள் தாமதத்தில் ஒரு கண்ணின் விதி நிர்ணயமாகிவிடுகிறது! களத்திலும், கல் உடைக்கும் இடத்திலும், பற்றவைக்கும் பட்டறையிலும் அந்தந்த வேலைக்கு ஏற்ற காப்புக் கண்ணாடி அணிவது இதைவிடச் சிறந்த வைத்தியம்.

திண்ணையில் இருப்பவர்கள்

நாற்பது வயதுக்கு மேல் சாளேசுரம் வருவது இயற்கை. அதற்கு ஒரு கண்ணாடி போதும். கண்புரையும் இப்பொழுது அஞ்சத்தக்கதல்ல. "புரை நன்றாக முற்றட்டும்" என்று காத்திருக்கும் வழக்கம் பழங்காலத்தது. அன்றாட வேலைக்கு இடைஞ்சலாகும்போதே சிகிச்சை செய்து, உள்ளேயே சிறு வில்லை பொருத்திவிடலாம். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன டாக்டர் கோ. வெங்கடசாமி, அந்த விரல்களாலேயே ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கண் சிகிச்சை செய்தார். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பின், 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அவர் தொடங்கியதே அரவிந்த் கண் ஆஸ்பத்திரி. 1992 முதல் அந்த வில்லைகளை மதுரையிலேயே மலிவாகச் செய்யும் ஏற்பாடும் அந்த ஸ்தாபனத்தால் உண்டாயிற்று. ஏழைப் பாட்டிக்கும் பார்வை திரும்பும் என்பது இதனால் சாத்தியமாயிற்று.

திரும்பாத பார்வையும் உண்டு. கண்ணின் உள்ளே அழுத்தம் மிகுந்து நரம்பைச் சிறிது சிறிதாக அழிக்கும் க்ளாக்கோமா அத்தகையது. அநேகமாய் வலி இல்லை, சிவப்பு இல்லை. ஓரப் பார்வை முதலில் போகும். எதிரே இருப்பது தெரிவதால் மனிதர் ஒன்றும் அறியார். தென் தமிழ்நாட்டுக் கிராமங்களில் நடந்த ஒரு பரிசோதனையில், இந்நோய் கண்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அதுவரை அதை அறியாதவர்களே! சர்க்கரை வியாதியும் இப்படியே விழித்திரையில் ஓசையின்றி வேலை செய்கிறது. ஆகவே நாற்பதைத் தாண்டியவர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறையேனும், சர்க்கரை வியாதியுள்ளவர்கள் கட்டாயம் வருஷந்தோறும், குடும்பத்தில் க்ளாக்கோமா உள்ளவர்கள் டாக்டர் சொல்லும் கணக்குப்படியும் சோதித்துக்கொள்ள வேண்டும்.

வசதி இல்லை என்று சொல்வதற்கும் இடமில்லை. சென்னையில் 1819-ஆம் ஆண்டிலேயே கண்ணுக்கென்று தனி ஆஸ்பத்திரி ஏற்பட்டது. திருமானூர்வாசிகள் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை; 2022-இல் அரியலூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டிருக்கிறது.

மற்றபடி அன்றாட விதிகள் சிலவே. நல்ல வெளிச்சத்தில் படிக்க வேண்டும். இருபது நிமிஷம் புத்தகத்தையோ திரையையோ பார்த்தால், இருபது விநாடி இருபது அடிக்கு அப்பால் உள்ளதைப் பார்த்துக் கண்ணுக்கு ஓய்வு தர வேண்டும். கண்வலி கண்டவரின் துண்டைப் பிறர் தொடலாகாது. புகையிலையை விட்டொழிக்க வேண்டும்.

கடைசியாக, செலவில்லாத ஒரு சோதனை. சுவரில் தொங்கும் காலண்டரைச் சற்றுத் தூரத்திலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். பிறகு மற்றதை மூடிக்கொண்டு பாருங்கள். இரு கண்களும் சேர்ந்திருக்கையில் ஒன்றின் குறையை மற்றொன்று மறைத்துவிடும். தனித்தனியே கேட்டால்தான் உண்மை வெளிப்படும். வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் நாளைக் காலையிலேயே இதைச் செய்யலாம். எந்தக் கண்ணுக்கு எழுத்து மங்கலாகத் தெரிகிறதோ, அதற்குரியவரை அந்த வாரத்திலேயே டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள். இரண்டும் தெளிவாகத் தெரிந்தாலும், க்ளாக்கோமாவை இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது. ஆகையால் நாற்பதைத் தாண்டியவர்கள் போக வேண்டிய இடம் கண் ஆஸ்பத்திரியே.